அரிஸ்டா இஓஎஸ்: தரவு மையச் சுவிட்சை அமைப்பதிலும் ஆள்வதிலும் அது எப்படி?

தரவு மையத்தில் சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சை வாங்கும்போது போர்ட்டுகளின் எண்ணிக்கை, வேகம், விலை ஆகியவற்றை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரிப்பது வழக்கம். அந்த அட்டவணையால் இப்போது பெரிதாக எதுவும் தெரிந்துவிடுவதில்லை. பெட்டியின் மேல் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பல மாதிரிகளில் உள்ளே இருப்பது பிராட்காம் நிறுவனத்தின் டிரைடென்ட் அல்லது டோமஹாக் வரிசைச் சில்லுதான். பாக்கெட்டை (தரவுத் துண்டை) வாங்கி மறுபக்கம் தள்ளும் வேலையில் அவற்றுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்க வழியில்லை. வேறுபாடு வெளிப்படுவது, ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பில் ஒரு மாற்றத்தைச் செய்ய வேண்டிய இரவில்தான். செய்யப்போவதை முன்கூட்டியே பார்க்க முடிகிறதா, பிசகினால் பழைய நிலைக்கு எவ்வளவு விரைவில் திரும்ப முடிகிறது, மென்பொருளின் ஒரு பகுதி விழுந்தால் மற்ற பகுதிகளும் சேர்ந்து விழுகின்றனவா என்ற மூன்று கேள்விகளை வைத்தே அரிஸ்டா நிறுவனம் தன் சுவிட்சுகளில் தரும் இஓஎஸ் இயங்குதளத்தை இங்கே மதிப்பிடுகிறேன். சென்னையில் ஒரு தனியார் கிளவுட் அமைப்பின் லீஃப் அடுக்கில், அதாவது சர்வர்கள் நேரடியாக இணையும் அடுக்கில், 7050எஸ்எக்ஸ்3-48ஒய்சி8 மாதிரியைப் பராமரித்து வருவதால், எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதையொட்டியே இருக்கும்.

வன்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு ரேக் யூனிட் உயரப் பெட்டி. சர்வர்களுக்கு 48 எண்ணிக்கையில் 25 கிகாபிட் போர்ட்டுகள், மேலே, லீஃப் சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்பைன் அடுக்குக்குச் செல்ல 8 எண்ணிக்கையில் 100 கிகாபிட் போர்ட்டுகள். உள்ளே டிரைடென்ட் 3 சில்லு. கீழே 1200 கிகாபிட், மேலே 800 கிகாபிட் என்பதால் எல்லாப் போர்ட்டுகளையும் பயன்படுத்தினாலும் விகிதம் 1.5-க்கு 1 என்ற அளவிலேயே நிற்கிறது. மெய்நிகர் கணினிகள் ஓடும் ரேக்குகளுக்கு இது தாராளம். ஆர்டர் கொடுக்கும்போது மாதிரி எண்ணின் கடைசியில் வரும் எழுத்தை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும். 'எஃப்' என்றால் காற்று முன்னிருந்து பின்னாகவும், 'ஆர்' என்றால் பின்னிருந்து முன்னாகவும் செல்லும். சர்வர் ரேக்கில் சுவிட்சின் போர்ட் பக்கம் பெரும்பாலும் சூடான பக்கத்தைப் பார்த்திருக்கும் என்பதால், யோசிக்காமல் 'எஃப்' வகையை வாங்கினால் சுவிட்ச் சர்வர்கள் கக்கும் வெந்த காற்றையே உள்ளிழுத்துக்கொண்டிருக்கும்.

புதிய பெட்டியை இயக்கினால், அமைவுக் கோப்பு எதுவும் இல்லாததால் அது தானாக ஜீரோ டச் ப்ரொவிஷனிங் நிலைக்குச் சென்று, முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி வழியாகத் தனக்கான அமைவைத் தேடத் தொடங்கும். கன்சோல் கேபிளை 9600 வேகத்தில் இணைத்து, 'அட்மின்' என்ற பெயரில் கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம். ஒன்றிரண்டு பெட்டிகளைக் கையால் அமைப்பவர்கள் 'ஜீரோடச் டிசேபிள்' என்று கொடுத்து, ஒருமுறை மறுதொடக்கம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எரிச்சலூட்டும். ஆனால் இருபது முப்பது பெட்டிகள் ஒன்றாக வந்திறங்கும்போது, டிஹெச்சிபி சர்வரில் 67-ஆம் ஆப்ஷனில் ஒரு ஸ்கிரிப்ட்டின் முகவரியைக் கொடுத்துவைத்தால், ரேக்கில் ஏற்றி மின்சாரம் கொடுப்பவர் வலையமைப்பு தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கட்டளை வரியைப் பொறுத்தவரை, சிஸ்கோவில் பழகியவருக்கு அன்னியம் என்று எதுவும் இராது. இந்த ஒற்றுமை நீதிமன்றம் வரை போன கதை பலருக்கும் தெரிந்திருக்கும்: 2014 டிசம்பரில் சிஸ்கோ வழக்குத் தொடுத்தது, கட்டளை வரிப் பதிப்புரிமைப் பகுதியில் 2016 டிசம்பரில் ஜூரி அரிஸ்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, காப்புரிமைத் தகராறுகளும் சேர்ந்து, 2018 ஆகஸ்டில் அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டதோடு எல்லாம் முடிவுக்கு வந்தன. பயன்படுத்துபவரின் கோணத்தில் பார்த்தால், இந்த ஒற்றுமையே ஓர் அபாயமும் ஆகிறது. எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதால் கை தானாக ஓடுகிறது. வேறுபடும் இடங்கள் கண்ணில் படுவதில்லை. இன்டர்ஃபேஸுக்கு முகவரி கொடுத்து, கையால் எழுதும் பாதையான ஸ்டாட்டிக் ரூட்டும் கொடுத்த பிறகும் பாக்கெட் அடுத்த நெட்வொர்க்குக்குப் போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் புதியவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'ஐபி ரூட்டிங்' என்ற வரியைக் கொடுத்தீர்களா என்பதுதான். இஓஎஸ்ஸில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு விஆர்எஃப்புக்கும் (ஒரே பெட்டிக்குள் பிரித்துவைத்த தனி ரூட்டிங் அட்டவணை) தனித்தனியாக இயக்கவும் வேண்டும்.

இனி முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். இந்த இயங்குதளத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி 'கான்ஃபிகர் செஷன்'. வழக்கமான முறையில் 'கான்ஃபிகர் டெர்மினல்' என்று நுழைந்தால், ஒவ்வொரு வரியும் என்டர் தட்டிய நொடியிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். செஷனில் நுழைந்தாலோ, நாம் எழுதுவதெல்லாம் ஒரு நகலில் மட்டுமே பதிவாகும். ஓடிக்கொண்டிருக்கும் அமைவு தொடப்படாமல் இருக்கும். 'ஷோ செஷன்-கான்ஃபிக் டிஃப்ஸ்' என்று கேட்டால், எந்த வரி நீங்குகிறது, எந்த வரி சேர்கிறது என்று கழித்தல், கூட்டல் குறிகளோடு காட்டும். சரியாக இருந்தால் 'கமிட்', இல்லாவிட்டால் 'அபார்ட்'.

இதன் பயனை வலையமைப்புத் துறையில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு பிழையை வைத்தே காட்டலாம். பல விலான்களை (மெய்நிகர் வலையமைப்புகளை) ஒருசேரச் சுமக்கும் ஒரு ட்ரங்க் போர்ட்டில் 10, 20, 30, 40 ஆகிய விலான்கள் ஓடுகின்றன. புதிதாக 250-ஐச் சேர்க்க வேண்டும். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் ஆட் 250' என்று எழுத வேண்டிய இடத்தில், அவசரத்தில் 'ஆட்' விட்டுப்போகிறது. சாதாரண முறையில், அந்த வரி ஏற்கப்பட்ட கணத்தில் பழைய நான்கு விலான்களும் அந்த ட்ரங்கிலிருந்து அகன்றுவிடும். சர்வர் குழுவினரிடமிருந்து தொலைபேசி வரும்போதுதான் விஷயமே தெரியும். செஷன் முறையில் அதே பிழையைச் செய்தாலும், வேறுபாட்டைப் பார்க்கும்போது கழித்தல் குறியுடன் '10,20,30,40' என்ற வரியும், அதற்குக் கீழே கூட்டல் குறியுடன் வெறும் '250' என்ற வரியும் நிற்கும். மாற்றத்தை எழுதியவருக்குத் தெரியாவிட்டாலும், பக்கத்தில் அமர்ந்து சரிபார்ப்பவருக்கு அந்த இரண்டு வரிகளே போதும். எங்கள் குழுவில் மாற்ற அனுமதிக் கோரிக்கையோடு இந்த வேறுபாட்டு வெளியீட்டையும் இணைக்க வேண்டும் என்பது விதி; நீண்ட விளக்கக் குறிப்புகளைவிட அதைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள்.

அதையும் தாண்டிய ஒரு பாதுகாப்பு 'கமிட் டைமர்'. 'கமிட் டைமர் 00:05:00' என்று கொடுத்தால் மாற்றம் நடைமுறைக்கு வரும். ஐந்து நிமிடங்களுக்குள் நாம் மீண்டும் உறுதிசெய்யாவிட்டால், சுவிட்ச் தானாகப் பழைய அமைவுக்குத் திரும்பிவிடும். சுவிட்சை அடையும் பாதையையே நாம் மாற்றப்போகிறோம் என்றால் இதன் அருமை புரியும். தனி மேலாண்மை வலையமைப்பு இல்லாத சிறிய இடங்களில், அனுமதிப் பட்டியலான ஏசிஎல்லையோ, பாதைகளைப் பரிமாறும் பிஜிபி நெறிமுறையின் கொள்கையையோ தவறாக மாற்றித் தொடர்பை இழந்தவர், நள்ளிரவில் கன்சோல் கேபிளோடு தரவு மையத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். பெரிய மாற்றங்களுக்கு முன்பு 'கான்ஃபிகர் செக்பாயின்ட்' மூலம் நிலையைப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளவும், பின்னர் அதற்கு முழுமையாகத் திரும்பவும் முடியும்.

பாராட்டுக்கு இணையாகக் குறையும் இங்கேதான் இருக்கிறது. செஷன் முறை கட்டாயமன்று. ஜூனிபரின் ஜூனோஸ் இயங்குதளத்தில், இன்னும் நடைமுறைக்கு வராத வரைவு அமைவில் எழுதி கமிட் செய்வதுதான் இயல்பான வழி. எவரும் அதிலிருந்து தப்ப முடியாது. இஓஎஸ்ஸில் பழைய பழக்கத்துக்கு வழி திறந்தே இருப்பதால், அவசரம் வரும்போதெல்லாம் மக்கள் 'கான்ஃபிகர் டெர்மினல்' பக்கமே ஓடுகிறார்கள். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே. பயனர் அனுமதிகளைக் கையாளும் டாக்காக்ஸ் சர்வரில் கட்டளை வாரியாக அனுமதி கொடுத்து, செஷன் வழியை மட்டும் விட்டுவைப்பது ஒரு தீர்வு. அதை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் மனத்தாங்கல். இன்னொன்று, கமிட் செய்தது ஓடும் அமைவுக்கு மட்டுமே பொருந்தும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டுமென்றால் தனியாகச் சேமிக்க வேண்டும். செஷன்தான் கமிட் ஆகிவிட்டதே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களை இந்த இடம் கவிழ்க்கும்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது ஒரு பகுதி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இஓஎஸ்ஸின் உள்கட்டமைப்பே பதில். லினக்ஸ் கெர்னலின் மேல், சுழல் பாதைகளைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீக்கு ஒன்று, பல இணைப்புகளை ஒன்றாக்கும் போர்ட் சேனலுக்கு ஒன்று, பிஜிபிக்கு ஒன்று என்று தனித்தனி ஏஜென்ட்டுகள் (ஒரு வேலையை மட்டும் பார்க்கும் நிரல்கள்) ஓடுகின்றன. இவை ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவது அரிது. சிஸ்டிபி என்ற பொதுப் பேரேட்டில் தம் நிலையை எழுதுகின்றன, மற்றவர் எழுதியதை அதிலிருந்தே படிக்கின்றன. ஓர் ஏஜென்ட் செயலிழந்தால் கண்காணிப்பு நிரல் அதை மீண்டும் எழுப்பும். எழுந்தது பேரேட்டைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆய்வகத்தில் ஒரு ஏஜென்ட்டை 'டெர்மினேட்' கட்டளையால் வேண்டுமென்றே கொன்று பார்க்கலாம்: புதிய செயல்முறை எண்ணோடு அது திரும்ப வரும், சில்லு தன்பாட்டுக்குப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதை மந்திரம் என்று நினைத்துவிடவும் கூடாது. பிஜிபி ஏஜென்ட் விழுந்தால் அண்டைச் சுவிட்சுகளுடனான டிசிபி இணைப்புகள் அறுந்துபோகும். அந்த இடைவெளியில் ரூட்டுகளை விடாமல் வைத்திருக்கச் சொல்லும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இருபுறமும் அமைக்கப்படாவிட்டால் ரூட்டுகளும் சற்று நேரம் காணாமல் போகும்.

லீஃபுக்கும் ஸ்பைனுக்கும் சிறியதற்கும் பெரியதற்கும் ஒரே மென்பொருள் வரிசை என்பது இந்நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம். பதிப்பு எண்ணின் முடிவில் 'எஃப்' இருந்தால் புதிய வசதிகள் வந்துகொண்டிருக்கும் பதிப்பு, 'எம்' இருந்தால் பிழை திருத்தம் மட்டும் பெறும் பதிப்பு. உற்பத்திச் சூழலில் 'எம்' வரும்வரை பொறுப்பதே நல்லது. ஆனால் மென்பொருள் ஒன்றே என்பதால் வசதிகளும் ஒன்றே என்று பொருளன்று. ஒரு கட்டளை எல்லாப் பெட்டியிலும் ஏற்கப்படலாம். அதைச் செய்து முடிக்கும் வலு உள்ளே இருக்கும் சில்லைப் பொறுத்தது. ஆகவே மாதிரி வாரியான ஆதரவுப் பட்டியலைப் பார்க்காமல் வடிவமைப்பைத் தொடங்கக் கூடாது.

லினக்ஸ் திறந்திருப்பது இன்னொரு கவர்ச்சி. 'பாஷ்' என்று தட்டினால் உண்மையான ஷெல் கிடைக்கும். பைதான் இருக்கிறது, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் இருக்கிறது. அங்கே இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். டிசிபிடம்ப்பில் தெரிவது சுவிட்சின் சிபியூவுக்கு வரும் பாக்கெட்டுகள் மட்டுமே. சர்வருக்கும் சர்வருக்கும் இடையே சில்லு வழியாகவே கடந்துபோகும் போக்குவரத்து அதில் தென்படாது, அதைப் பார்க்க போக்குவரத்தை நகலெடுத்து அனுப்பும் மிரரிங்கைத் தனியாக அமைக்க வேண்டும். மேலும், அடிப்படையான ரூட் (root) கோப்பு முறைமை ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக உருவாவதால், ஃபிளாஷ் பகுதிக்கு வெளியே வைத்த எதுவும் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். சுவிட்சைச் சர்வராக நினைத்து ஸ்கிரிப்ட்டுகளைக் குவிப்பவர்களுக்கு இது ஒருவகையில் நல்ல தண்டனை.

நிரல் வழி மேலாண்மையில் இஓஎஸ் முன்வரிசையில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. பெரும்பாலான 'ஷோ' கட்டளைகளின் இறுதியில் 'ஜேசான்' என்று சேர்த்தால் நிரல்கள் எளிதில் படிக்கும் கட்டமைந்த வெளியீடு வரும். ஈஏபிஐ எனப்படும் இடைமுகத்தை இயக்கினால், கட்டளை வரியில் எழுதும் அதே கட்டளைகளை ஹெச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பி, ஜேசான் வடிவில் பதில் பெறலாம். சுவிட்சின் முகவரியை உலாவியில் திறந்தால் கட்டளைகளைச் சோதித்துப் பார்க்க ஒரு பக்கமும் கிடைக்கும். புதிதாக எதையும் கற்காமல், தெரிந்த கட்டளைகளைக் கொண்டே தானியக்கத்தைத் தொடங்க முடிவதுதான் இதன் சிறப்பு. மேலாண்மை இன்டர்ஃபேஸை விஆர்எஃப்பில் வைத்திருந்தால், ஈஏபிஐயையும் அந்த விஆர்எஃப்புக்குள் தனியாக இயக்க வேண்டும். அதை மறந்தால் போர்ட் மூடியே கிடக்கும். லீஃப், ஸ்பைன் எல்லாம் சேர்ந்த ஃபேப்ரிக் முழுவதையும் யாமல் என்ற உரைக் கோப்புகளில் விவரித்து, அன்சிபிள் என்ற தானியக்கக் கருவி மூலம் அமைவுகளை உருவாக்கும் ஏவிடி தொகுப்பைத் திறமூலமாகவே கொடுக்கிறார்கள். கட்டணம் கட்டிப் பெறும் கிளவுட்விஷன் என்ற மேலாண்மைத் தளம் நன்றாக இருந்தாலும், பத்துச் சுவிட்சுகளுக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஏவிடியும், கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' (Git) கருவியும் போதும் என்பது என் கருத்து.

ஐபி வலையமைப்பின் மேல் மெய்நிகர் வலையமைப்புகளை விரிக்கும் விஎக்ஸ்லான், இவிபிஎன் அமைப்புகளில் அடிக்கடி நேரம் விழுங்கும் இரண்டு இடங்களையும் சொல்ல வேண்டும். இவை இஓஎஸ்ஸின் குறைகளல்ல என்றாலும், அதன் இயல்புநிலைகளை அறியாதவரைச் சோதிக்கும். முதலாவது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. லேயர் 3 இன்டர்ஃபேஸின் இயல்பு அளவு 1500 பைட். விஎக்ஸ்லான் தன் பங்குக்கு 50 பைட்டுகளைச் சேர்ப்பதால், லீஃபுக்கும் ஸ்பைனுக்கும் இடையிலான இணைப்புகளில் 9214 என்று உயர்த்தாமல் விட்டால், பிங் போகும், எஸ்எஸ்ஹெச் கூடத் திறக்கும், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் நின்றுவிடும். ஃபேப்ரிக்கை ஒப்படைக்கும் முன்பே 'சைஸ் 9000', 'டிஎஃப்-பிட்' (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறி) இரண்டையும் சேர்த்து எல்லா லூப்பேக் முகவரிகளுக்கும் பிங் அடித்துப் பார்ப்பது நல்லது. இரண்டாவது, 25 கிகாபிட் இணைப்புகளில் பிழை திருத்தக் குறிமுறை. சர்வரின் நெட்வொர்க் கார்டு ரீட்-சாலமன் முறையை எதிர்பார்த்து, சுவிட்ச் ஃபயர்கோட் முறையிலோ எந்த முறையும் இல்லாமலோ இருந்தால், விளக்கு எரியாது. கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இருபுறத்திலும் எந்த முறை அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும்.

பராமரிப்புக்காக ஒரு ஸ்பைனை வெளியே எடுக்கும்போது உதவும் மெயின்டனன்ஸ் முறையைத் தனியாகப் பாராட்டலாம். 'குவைஸ்' என்று கொடுத்தால், பிஜிபி வழியாகத் தன்னை விரும்பத்தகாத பாதையாக அண்டைச் சுவிட்சுகளுக்கு அறிவித்து, போக்குவரத்து மெல்ல விலகிய பிறகு பெட்டியைத் தொட அனுமதிக்கிறது. இரண்டு சுவிட்சுகள் ஒன்றுபோல் இயங்கும் எம்லேக் இணையில், மறுதொடக்கமான சுவிட்ச் ரூட்டுகளைக் கற்று முடிக்கும்வரை சர்வர் போர்ட்டுகளைத் திறக்காமல் வைத்திருக்கும் 'ரீலோட் டிலே' அமைவும் இதே சிந்தனையின் பிள்ளை. அதைக் குறைத்துவைத்தால் பெட்டி சீக்கிரம் எழுந்ததுபோல் தெரியும், ஆனால் பாக்கெட்டுகள் பாழில் விழும்.

செலவு விஷயத்தில் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. வெளிப்படையான விலைப்பட்டியலை நம்பி எதையும் திட்டமிட முடியாது. விற்பனைப் பங்காளரிடம் விலைக்குறிப்பு வாங்கிப் பேரம் பேச வேண்டும். புதிய பதிப்புகளுக்கும் பழுதான பெட்டிக்கு மாற்றுப் பெட்டிக்கும் ஏ-கேர் என்ற ஆதரவு ஒப்பந்தம் தேவை. கேபிளுக்கும் போர்ட்டுக்கும் இடையே வரும் டிரான்ஸீவர்களை மூன்றாம் தரப்பிடம் வாங்கிச் செருகினால், நிறுவனம் தரும் திறவுகோல் இல்லாமல் அவை இயங்கா. ரேக்குக்கு நாற்பது ஐம்பது டிரான்ஸீவர்கள் வாங்கும் இடத்தில் இது சிறிய தொகையன்று. இந்தக் கணக்கைப் பார்த்து, சோனிக் என்ற மாற்று இயங்குதளத்தின் பக்கம் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட்டில் பிறந்து, 2022-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குச் சென்ற சோனிக் திறமூலமானது, ரெடிஸ் தரவுத்தளத்தை நடுவில் வைத்த அதன் அமைப்பும் சிஸ்டிபிக்கு உறவானதே. ஆனால் பிழை வந்தால் நிரலைத் திறந்து பார்க்கும் ஆட்கள் உங்களிடம் இருக்க வேண்டும். மூன்று நான்கு பேர் கொண்ட குழு, ஒருவர் எப்போதும் விடுப்பில் இருப்பார் என்ற நிலையில், இஓஎஸ்ஸுக்கே பணத்தைக் கொடுக்கலாம். க்யூமுலஸ் என்ற இன்னொரு சுவிட்ச் இயங்குதளத்தை விரும்பியவர்களுக்கு, 2020-இல் அதை என்விடியா வாங்கிய பிறகு பிராட்காம் சில்லுகளுக்கான ஆதரவு நின்றுபோனது ஒரு பாடமாக இருந்திருக்கும்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. தளத்தில் பதிவு செய்துகொண்டால் சிஇஓஎஸ் என்ற கன்டெய்னர் வடிவை இலவசமாகப் பதிவிறக்கலாம். கன்டெய்னர்லேப் கருவியோடு சேர்த்தால், நல்ல நினைவகமுள்ள ஒரு மடிக்கணினியிலேயே இரண்டு ஸ்பைன், நான்கு லீஃப் கொண்ட இவிபிஎன் ஃபேப்ரிக் எழுந்துவிடும். செஷன், டைமர், ஈஏபிஐ, ஏவிடி எல்லாவற்றையும் அதில் பழகிக்கொள்ளலாம். டிரான்ஸீவர், பிழை திருத்தக் குறிமுறை, பஃபர் போன்றவை அதில் இரா. பல 25 கிகாபிட் மாதிரிகளில் நான்கு போர்ட்டுகள் ஒரே குழுவாக வேகம் மாறும் கட்டுப்பாடும் அப்படித்தான். பழைய 10 கிகாபிட் சர்வர்களைப் புதியவற்றோடு கலந்து இணைக்கப்போகிறவர்கள், ஆர்டரில் கையெழுத்திடும் முன் விற்பனையாளரிடம் இரவலாக ஓர் உண்மைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, தங்கள் சர்வர்களையும் தங்கள் கேபிள்களையும் அதில் செருகிப் பார்த்துவிட வேண்டும்.